காவலில்லா உடைமை

ஓலை நெடுங்காலம் நிற்பதன்று. செல்லரிக்கும், ஈரம் உண்ணும், சில நூற்றாண்டுகளிற் பொடிந்துபோம். அங்ஙனமிருந்தும் ஈராயிரமாண்டுப் பழமை சான்ற கழக இலக்கியங்கள் இன்று அச்சில் நிற்கின்றனவெனின், அதற்குக் கரணியம் ஓலையின் வலிமையன்று. தலைமுறைதோறும் ஓய்வின்றிப் படியெடுத்து வைத்தோரின் கடமையுணர்வே.

அக் கடமை இன்று கணினிக்கு மாறியிருக்கின்றது. அகரமுதலிக் குறிப்புகளும், பழைய இதழ்த் தொகுப்புகளும், அச்சேறாக் கையெழுத்துப் படிகளின் படங்களும் தமிழமைப்புகளின் கணினிகளுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிறர் கையில் ஒப்படைப்பதா, தம் கையிலேயே வைத்துக்கொள்வதா என்பதே வினா.

தமக்குரியதைத் தாமே வைத்திருத்தல் நன்று, அதில் ஐயமில்லை. 2009-இல் யாகூ நிறுவனம் தன் சியோசிட்டீசு வலைமனையை மூடியபொழுது, மக்கள் பல்லாண்டு உழைத்தமைத்த எத்துணையோ பக்கங்கள் அதனோடு மறைந்தன. பிறன் மனையிற் குடியிருப்போன், அவன் வெளியேறச் சொல்லும் நாளில் வெளியேறியே தீர்தல் வேண்டும்.

ஆயினும் உடைமை வேறு, காவல் வேறு. கணினி தம்முடையதென்று மார்தட்டுவோர், அதன் காவலும் தம்முடையதே என்பதை மறந்துவிடுகின்றனர். காவலில்லா உடைமை கள்வனுக்கு வைத்த விருந்தேயன்றோ?

முதற் காவல், திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்றலாம். 2017 மே 12-இல் 'வானாக்கிரை' என்னும் தீநிரல் 150 நாடுகளிற் பரவி, கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணங் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகள் பல, நோயரைத் திருப்பியனுப்பும் நிலையெய்தின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அன்று பேணப்பட்டுவந்த விண்டோசு வகைகளுக்கு, மைக்குரோசாப்டு நிறுவனம் மார்ச்சுத் திங்களிலேயே வெளியிட்டிருந்தது! மருந்து வாயிற்படியில் இருந்தது; எடுத்துண்பாரில்லை. விண்டோசு 10-க்கான பொதுத் திருத்தங்களும் 2025 அக்குதோபர் 14-ஆம் நாளொடு நின்றுவிட்டன. பழங்கணினி வைத்திருப்போர், விலையின்றிக் கிடைக்கும் லினக்சு இயங்குதளத்திற்கு மாறலாம். ஆனால், அதனையும் நாளுக்கு நாள் திருத்திவருதல் வேண்டும்; பெயர் மாறியதனாலேயே காவல் வந்துவிடாது.

இரண்டாங் காவல், வாயில்களைக் குறைத்தல். இணையத்தை வீட்டினுட் கொணரும் திசைவி, விற்றோர் இட்ட கடவுச்சொல்லோடே பல இடங்களில் இயங்குகின்றது. அது ஊரறிந்த பூட்டு. அதனை உடனே மாற்றுதல் வேண்டும். ஒவ்வொரு கணக்கிற்கும் நெடிய, தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். இயலுமிடத்தெல்லாம் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். அன்றாட எழுத்து வேலைக்கு, எல்லா அதிகாரமும் உடைய கணக்கைப் பயன்படுத்தல் ஆகாது.

மூன்றாங் காவல், படி. 2021 மார்ச்சு 10-இல் பிரான்சு நாட்டின் இசுட்ராசுபூர்க்கு நகரில் ஓ.வி.எச்சு நிறுவனத்தின் கணினிக்கூடம் ஒன்று எரிந்தழிந்தது. காப்புப்படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது, வேறெங்கும் படியில்லாச் சுவடிகளும் நூல்களும் மீளாதொழிந்ததைத் தமிழர் அறிவர். எரிந்தது எங்காயினும் படிப்பினை ஒன்றே: ஓரிடத்தில் மட்டும் இருப்பது இல்லாததற்கு ஒப்பாகும். ஆகவே மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஒரு படியேனும் கணினியோடு இணைக்கப்படாது தனித்திருப்பின், தீநிரல் அதனைத் தீண்டாது.

படியெடுத்தாற் போதாது, அதனைத் திறந்து பார்த்தலும் வேண்டும். 2017 சனவரி 31-இல் கிட்லேபு நிறுவனத்தின் தரவுகளை ஊழியர் ஒருவர் தவறி அழித்துவிட்டார். ஏற்படுத்தியிருந்த காப்பு முறைகள் பல வேலைசெய்யாதிருந்தமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே கைகொடுத்தது. வல்லுநர் நிறைந்த நிறுவனத்திற்கே அந் நிலையெனின், பிறர் நிலை என்னாம்? ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளையும் இன்றே திறந்து பார்த்து மாற்றுதல் வேண்டும். எழுத்துரு தொலைந்தபின் அவை வெறுங் கிறுக்கல்களாகவே தோன்றும்.

இத்துணையும் செய்ய ஆளும் நேரமும் உண்டா என்பதே இறுதி வினா. ஓர் அமைப்பின் கடவுச்சொற்கள் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருப்பின், அவர் மறையும் நாளில் அமைப்பின் உழைப்பும் மறையும். அவற்றை எழுதி முத்திரையிட்டு, இருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். காவலுக்கு ஆளில்லாதோர், இணையத்திற்கு ஏடுகளை வழங்கும் கணினியைத் தாமே நடத்த முனைதல் வேண்டா. அப் பணியைத் தேர்ந்தோரிடம் கூலிக்கு விட்டு, முழுப்படியை மட்டும் தம் கையில் வைத்துக்கொள்வது இழுக்கன்று, அறிவுடைமையே. தம்முடையது என்னும் பெருமிதம் ஒரு கோப்பையும் காக்காது. கிழமைதோறும் படியெடுக்கும் கையே காக்கும்.