பணம் கொடுத்தது ஊர்... முகாம் போவது சிலர் மட்டுமா?

சாரணர் படையின் உண்டியல் கணக்கில் ஒரு நியாயப் பிரச்சினை!

மாலை நேரம். மார்க்கெட் ஜேஜே என்று இருக்கிறது. கழுத்தில் ஸ்கார்ப், தலையில் தொப்பி, கையில் ஸ்டிக்கர் கட்டு. இரண்டு பையன்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

"அண்ணாச்சி, ஸ்கவுட் கொடி ஸ்டிக்கர்... ஒண்ணு வாங்கிக்குங்க!"

அண்ணாச்சி கல்லாவைத் திறக்கிறார். பத்து ரூபாய் தாளை நீட்டுகிறார். "நல்லா படிங்கடா தம்பிகளா" என்று ஒரு வார்த்தை. அதோடு அவர் சோலி முடிந்தது. அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுகிறார்.

நவம்பர் 7-ந்தேதி பாரத சாரண சாரணியர் கொடி நாள். 1950-ல் அதே தேதியில்தான் இந்த இயக்கம் உருவானது. அந்த நாளை ஒட்டி ஸ்டிக்கர் விற்பது வழக்கம். அது தவிர முகாமுக்கு, விழாவுக்கு என்று படைகள் தாங்களாகவே பணம் திரட்டுவதும் உண்டு. ஊரும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முகாமுக்கு என்று அண்ணாச்சி பத்து ரூபாய் கொடுத்தால், அது யாருடையது? வந்து கேட்ட பையனுடையதா? அல்லது அவன் சேர்ந்திருக்கும் படையினுடையதா?

"இதில் என்ன ஐயா பெரிய வழக்கு?" என்று கேட்கலாம். வழக்குதான்! இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு ஏழைப் பையன் முகாமுக்குப் போவதும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும்!

*இதோ கணக்கு!*

பேச்சுக்கு ஒரு படையை எடுத்துக்கொள்வோம். 20 பையன்கள். முகாம் செலவு தலைக்கு 1,500 ரூபாய். மொத்தம் 30,000. பையன்கள் ஊரெல்லாம் சுற்றித் திரட்டியது 24,000.

முதல் வழி: "அவனவன் வசூல் அவனவனுக்கு." ஒவ்வொருவன் பேரிலும் தனிக் கணக்கு. அதிகாரி வீட்டுப் பையன் ஒருவன் 6,000 ரூபாய் கொண்டு வருகிறான். அவனுக்கு முகாம் இலவசம். அதற்கு மேலும் 4,500 ரூபாய் அவன் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது! டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் மகன் 300 ரூபாய் கொண்டு வருகிறான். அவன் இன்னும் 1,200 கட்ட வேண்டும். அவன் அப்பாவுக்கு அது எத்தனை நாள் கூலி? "சார், எனக்கு உடம்பு சரியில்ல. முகாமுக்கு வரல" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பையில்தான் இல்லை!

இரண்டாவது வழி: எல்லாம் ஒரே உண்டியல். 24,000-ல் முதலில் 2,000 ரூபாயை உதவி நிதி என்று தனியே எடுத்து வைப்பது. மீதி 22,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,100. ஆளுக்கு 400 கட்டினால் போதும். அந்த 400-ம் கட்ட முடியாத ஐந்து பேருக்கு உதவி நிதியிலிருந்து கட்டிவிடலாம். இருபது பேரும் வண்டி ஏறுகிறார்கள். ஒருத்தனுக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை!

பணம் அதே பணம். ஊர் அதே ஊர். பிரிக்கிற விதத்தில்தான் வித்தியாசம்.

*வசூல் யாருடைய திறமை?*

"அவன் ஓடியாடி வசூல் பண்ணினான். இவன் பண்ணல. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்பார்கள்.

நன்றாக யோசித்துப் பார்த்தால் தெரியும். 6,000 ரூபாய் வசூல் செய்தது பையனா? அப்பா ஆபீசுக்குக் கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். மானேஜர் நீட்டினால் கிளார்க் வாங்காமல் இருப்பாரா? அரை மணி நேரத்தில் கட்டு காலி! பையன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பான்.

டீக்கடைக்காரர் மகன் நாலு தெரு வெயிலில் நடந்திருப்பான். அந்தத் தெருவில் இருப்பவர்களும் அவனைப்போல இல்லாதவர்கள்தான். ஐந்தும் பத்துமாகத்தான் விழும்.

ஆக, தனிக் கணக்கு அளப்பது உழைப்பை அல்ல. அப்பாவின் நாற்காலியை!

இன்னொன்றும் இருக்கிறது. கடைக்காரர் காசு கொடுப்பது பையன் முகத்துக்கா? ஸ்கார்புக்கு! நாளைக்கே அந்தப் பையன் ஸ்கார்ப் இல்லாமல் வந்து "அண்ணாச்சி, நான் ஊருக்குப் போகணும், பணம் குடுங்க" என்றால் கொடுப்பாரா? "போடா அந்தப் பக்கம்" என்பார். ஸ்கார்பைப் பார்த்துப் போட்ட காசு, ஸ்கார்ப் கட்டிய அத்தனை பேருக்கும் சொந்தம். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒருவன் மட்டும் ஊற்றிக்கொண்டால் எப்படி?

*ஆரம்பமே அப்படித்தான்!*

இந்த இயக்கம் பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது.

1907 ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவு. பேடன் பவல் முதல் முதலாகப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் முகாம் போட்டார். சுமார் இருபது பேர். பாதிப்பேர் ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் சாதாரணக் குடும்பத்துப் பையன்கள்.

கட்டணம் எவ்வளவு தெரியுமா? பணக்காரப் பள்ளிப் பையன்களுக்கு 1 பவுன். மற்றவர்களுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அதாவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

சாப்பாட்டில் வித்தியாசம் வைத்தாரா? கூடாரத்தில் வைத்தாரா? இல்லை. இரண்டு தரப்புப் பையன்களையும் கலந்து நாலு அணியாகப் பிரித்தார். ஒரு பவுன் கட்டியவனும் மூன்றரை ஷில்லிங் கட்டியவனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். வசதிக்கு ஏற்ற கட்டணம் என்பது யாரோ இன்றைக்குக் கண்டுபிடித்த புரட்சி அல்ல. முதல் முகாமிலேயே இருந்த சங்கதி.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஸ்கவுட் படையில் ஐரோப்பியப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும்தான் இடம். இந்தியப் பையன்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் இதே சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் ஆரம்பித்தார். அன்றைக்கு நிறம் பார்த்துச் சாத்திய கதவு அது. இன்றைக்குப் பணத்தைப் பார்த்து அதே கதவைச் சாத்தலாமா?

*எதிர்த் தரப்பு வாதம்*

பொது உண்டியலிலும் வம்பு இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாள் முழுக்க அலைந்தவனுக்கும் 1,100. மரத்தடியில் படுத்துக் கிடந்தவனுக்கும் 1,100. அலைந்தவன் வயிறு எரியாதா? "அடுத்த வருஷம் நான் ஏன் கஷ்டப்படணும்?" என்று அவனும் படுத்துவிட்டால் உண்டியலே காலி!

சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது சாரணர் பாடத்தில் முக்கியமான பாடம். கைநீட்டி வாங்காதே, உழைத்துச் சம்பாதி என்றுதான் பேடன் பவல் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வகுப்புச் சாரணன் ஆக வேண்டுமானால் சேமிப்பு பாங்கியில் 6 பென்ஸ் இருக்க வேண்டும், முதல் வகுப்புக்கு 1 ஷில்லிங் இருக்க வேண்டும் என்றே ஆரம்ப காலத்தில் விதி இருந்தது. சிக்கனம் சாரணர் விதிகளில் ஒன்று.

1949-ல் பிரிட்டனில் ஒரு வாரம் வைத்தார்கள். பையன்கள் வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுவது, கார் கழுவுவது என்று ஏதாவது வேலை செய்வார்கள். வேலைக்கு ஒரு ஷில்லிங் கூலி. நம் நாட்டுச் சாரணர்களிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. 'கரீ கமாய்' என்று ஹிந்தியில் பேர். நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த காசு என்று அர்த்தம்.

நல்ல பழக்கம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொது உண்டியலின் வம்புக்கு மருந்து தனிக் கணக்கு அல்ல. உழைப்பை எண்ண வேண்டும் என்றால் உழைப்பை எண்ணுங்கள், ரூபாயை எண்ணாதீர்கள்! யார் எத்தனை மணி நேரம் வந்தான் என்று ஒரு நோட்டு போட்டால் போதும். சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவன் எல்லோருக்கும் சமபங்கு. 300 கொண்டு வந்தானா, 6,000 கொண்டு வந்தானா என்ற பேச்சே வேண்டாம். காரணம் இல்லாமல் டிமிக்கி கொடுத்தவனைச் சாரண ஆசிரியர் கூப்பிட்டுக் கண்டிக்கட்டும்.

நிறைய வசூல் செய்தவனுக்கு ஒன்றும் கிடையாதா? உண்டு. கூட்டத்தில் கைதட்டல் உண்டு. ஒரு பேட்ஜ் உண்டு. பணம்தான் கூடாது.

*அமெரிக்காவில் கோர்ட்டு வரை போனது!*

இந்தத் தனிக் கணக்குச் சண்டை நம்ம ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்கவுட் பையன்கள் பாப்கார்ன் விற்பார்கள். விற்ற லாபத்தை அவனவன் பேரில் வைப்பதா, படைக்கா என்று அங்கேயும் நெடுநாளாகத் தகராறு. 2020 ஜனவரியில் பையன்களின் ஆண்டுச் சந்தாவை 33 டாலரிலிருந்து ஒரேயடியாக 60 டாலர் ஆக்கினார்கள். அடுத்த மாதமே தலைமைச் சங்கம் திவால் மனு கொடுத்தது. சந்தா ஏறினால் அடி விழுவது யார் தலையில்? இல்லாதவன் தலையில்தான்.

2013-ல் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஸ்கவுட் படை அல்ல. வர்ஜீனியா மாநிலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம். பொருள் விற்றுப் பணம் திரட்டிய பெற்றோருக்குப் பாயிண்டு. அந்தப் பாயிண்டுக்கு ஏற்ப அவர்கள் பிள்ளைக்கு மட்டும் கட்டணம் குறையும். விற்காதவர் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. கோர்ட்டு என்ன சொன்னது? "தர்ம ஸ்தாபனம் என்று வரிவிலக்கு வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டு லாபத்துக்கு நடத்தினால் அது தர்மம் ஆகாது" என்பதே தீர்ப்பின் சாரம். வரிவிலக்கு போயிற்று! விளையாட்டுச் சங்கத்துக்குச் சொன்ன நியாயம் தனிக் கணக்கு வைக்கும் ஸ்கவுட் படைக்கும் பொருந்தாதா?

அதே நாட்டில் பெண் சாரணியர் பிஸ்கட் விற்கிறார்கள். 1917-ல் ஒக்லஹோமாவில் ஒரு சிறு படை பள்ளிக்கூடத்தில் விற்று ஆரம்பித்தது. இன்றைக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கோடி பெட்டி! அங்கே விதி ஒரே வரிதான். வந்த பணம் படைக்குச் சொந்தம்; தனிப்பட்ட பெண்ணுக்கு அல்ல.

*உதவி செய்கிறேன் என்று மானத்தை வாங்காதே!*

பொது உண்டியல் வைத்தால் மட்டும் போதாது. கொடுக்கிற விதமும் இருக்கிறது.

"யாருக்கெல்லாம் பணம் கட்ட முடியாதோ, கையைத் தூக்குங்கடா!" வரிசையில் நிற்க வைத்து இப்படிக் கேட்டால் எந்தப் பையன் கை தூக்குவான்? பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பசியைவிட மானம் பெரிது. பட்டினி கிடந்தாலும் கிடப்பான், கையைத் தூக்க மாட்டான். மேடையில் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்து போட்டோ எடுப்பது அதைவிட மோசம். கொடுத்தவர் பேர் பேப்பரில் வரும். வாங்கிய பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோடு போவான்?

எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதிரி ஒரு சீட்டு கொடுத்தனுப்பலாம். "முழுவதும் கட்டுகிறோம், பாதி கட்டுகிறோம், இந்தத் தடவை முடியாது" என்று மூன்று கட்டம். பெற்றோர் ஒன்றில் டிக் போட்டு ஒட்டிய கவரில் கொடுக்கட்டும். சாரண ஆசிரியரும் இன்னொரு பொறுப்பாளரும் மட்டும் பார்த்தால் போதும். இரண்டு பேர் பார்ப்பது எதற்கு? ஒருவர் மட்டும் பார்த்தால் வேண்டியவன், வேண்டாதவன் என்று பேச்சு வரும்.

யாருக்கு உதவி என்பது ரகசியம். ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பது ரகசியம் இல்லை! வசூல் இவ்வளவு, முகாம் செலவு இவ்வளவு, உதவி நிதி இவ்வளவு, மீதி இவ்வளவு. பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் நாலு வரி ஒட்டினால் சந்தேகம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. கணக்கை மூடி வைக்கிற இடத்தில்தான் எலி புகும்.

*அண்ணாச்சி கேட்கட்டும்!*

சாரணர் விதியில் ஒன்று உண்டு. சாரணன் எல்லோருக்கும் நண்பன். மற்ற ஒவ்வொரு சாரணனுக்கும் சகோதரன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் வண்டி ஏறிப் போகும்போது தம்பி திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அது என்ன சகோதரத்துவம்?

இதைச் சரி செய்யச் சட்டம் வேண்டாம், சர்க்கார் உத்தரவும் வேண்டாம். காசு கொடுக்கிறவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அடுத்த தடவை ஸ்கார்ப் கட்டிய பையன் கடை வாசலில் வந்து நிற்கும்போது அண்ணாச்சி கல்லாவைத் திறக்கட்டும். பத்து ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்கட்டும்.

"தம்பி, இது உனக்கா... இல்ல உங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் அண்ணாச்சி" என்று பையன் டக்கென்று சொன்னால், இன்னொரு பத்தும் சேர்த்தே கொடுக்கலாம்!