ஆட ஆளில்லாத நடனங்கள்

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் கீபோர்டு வாங்கினால் அது குழந்தைகளுக்கு என்றுதான் அக்கம்பக்கம் முடிவு செய்யும். வலியசாலையில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வாசிக்கப்போவது நான், அதுவும் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் நடனத் தொகுப்புகளை, அதுவும் ஆசிரியர் இல்லாமல் என்று சொன்னதும் எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "குரு இல்லாம வருமா சார்?"

நியாயமான கேள்வி. ஒரு பகுதி வரும் என்பதுதான் இரண்டு வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்த பதில்.

இந்தத் தொகுப்புகளுக்கு 'ஸ்வீட்' என்று பெயர். (உச்சரிப்பு அப்படித்தான், மிட்டாய்க்கடை நினைவு வந்தால் நான் பொறுப்பல்ல.) இவை மேடைக்கு எழுதப்பட்டவை அல்ல. 1726 முதல் ஒவ்வொன்றாக வெளியிட்ட ஆறு தொகுப்புகளை 1731இல் ஒரே புத்தகமாக்கியபோது பாக் வைத்த பெயர் 'கீபோர்டு பயிற்சி'. இசை ஆர்வலர்களின் மனமகிழ்ச்சிக்காக என்று முகப்பிலேயே அச்சிட்டார். பிரெஞ்சுத் தொகுப்புகளில் ஐந்தின் முதல் வடிவம் 1722இல் மனைவி அன்னா மக்தலேனாவுக்காகத் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டுச் சங்கீதம். நம்மைப் போன்றவர்கள் தயங்க வேண்டியதில்லை.

வாத்தியமும் தடையல்ல. அக்கால ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு இறகுமுனை தந்தியை மீட்டும். கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். மலிவான கீபோர்டுகள் பலவற்றிலும் இதே 'குறை' உண்டு!

சிக்கல் தாளத்தில் இருக்கிறது. அலமாண்ட், கூராண்ட், சரபாண்ட், ஜீக் என்பவை நான்கு ஆட்டங்களின் பெயர்கள். இடையில் மினுவெட், கவோட் என்று சில சேர்வதுண்டு. ஆடுவோர் இல்லை, நடை மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1583இல் ஸ்பெயினில் ஆபாசம் என்று தடை செய்யப்பட்ட சரபாண்ட், பாக்கின் கைக்கு வருவதற்குள் நிதானமான, கனத்த மூன்று எண்ணிக்கையாகிவிட்டது. பல இடங்களில் இரண்டாவது எண்ணிக்கையில் சாய்ந்து நிற்கும். மினுவெட்டும் மூன்றுதான். ஆனால் ஆடியவர்கள் ஆறு எண்ணிக்கைக்கு நான்கு அடி வைத்தார்கள். மும்மூன்றாகத் தட்டி வாசித்தால் நொண்டும். கவோட் சமத்தில் தொடங்காமல் அரை அளவு முன்னதாகவே எடுக்கும்.

இதெல்லாம் ஸ்வரப்புத்தகத்தில் எழுதியிருக்காது. ஆனால் தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவனுக்குப் புரியும். கச்சேரி முடிவில் தில்லானா பாடும்போது மேடையில் யார் ஆடுகிறார்கள்? அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசைப்படுத்திய தஞ்சை நால்வரில் வடிவேலு இதே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தவர். 1834இல் அரசரிடம் தந்த வயலின் பரிசு பெற்றவர். அந்த அரண்மனை என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆட்டத்துக்குப் பிறந்த இசை ஆட்டத்தை விட்டுத் தனியே நடப்பது நமக்குப் புதிதல்ல.

பிரெஞ்சு மேதை கூப்பரான் 1716இல் வெளியிட்ட வாசிப்பு நூலில், தம் நாட்டவர் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறு என்று ஒப்புக்கொண்டார். சமமாக எழுதிய ஸ்வரங்களை நீட்டியும் குறுக்கியும் வாசித்தார்களாம். பாக் 1720இல் மூத்த மகனுக்குத் தொடங்கிய புத்தகத்தில், சுழிகளையும் நெளிகோடுகளையும் எப்படி வாசிப்பது என்று ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தார். கமகத்தைக் காகிதத்தில் முழுதாகப் பிடிக்க முடியாது என்று நம் வித்வான்கள் சொல்வதும் இதையேதான். ஆகவே நாள்தோறும் வாசிப்பதைவிட அதிக நேரம் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறேன். அதுவும் இரண்டு மூன்று பேர் வாசித்ததை. ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.

பெரியவர் கேட்டதில் மிச்சப் பகுதி ஒன்று உண்டு: விரல். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று அச்சிட்ட எண்கள் புத்தகத்தில் கிடைக்கும். மணிக்கட்டு விறைத்திருப்பதை எந்தப் புத்தகமும் பார்க்காது. பக்கத்தில் உட்கார்ந்து 'தோளைத் தளர்த்து' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சாலைக் கடைவீதிக்கு அப்பால் பியானோ சொல்லிக்கொடுப்பவர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு நாள் போதும் என்கிறேன். வாரம் இருமுறை, அடிப்படையிலிருந்து என்கிறார் அவர். பேச்சுவார்த்தை நடக்கிறது.