கொதித்தாலும் போகாதவை

“நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள்” என்று, வீடு திரும்பும் நோயாளியிடமும் உறவினரிடமும் தவறாது கூறுகிறோம். அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் அது பாதி மருந்துதான்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தை அடுத்துள்ள கொளவாய் ஏரியில் நகரத்தின் கழிவுநீர் கலந்துவந்ததை ஊரே அறியும். அதிலுள்ள வயிற்றுப்போக்குக் கிருமிகளையேனும் கொதிக்கவைத்து அழித்துவிடலாம். பாலாற்றின் மேற்பகுதியில் நேர்ந்தது வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. அவற்றின் உப்பும் குரோமியமும் மண்ணிலும் கிணறுகளிலும் இறங்கின. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவுசெய்தது. உப்பும் உலோகமும் கொதித்தால் போகா. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும்.

அதே பாலாறுதான் நம் மாவட்டத்தைக் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. இங்கும் ஏரிக்கரைகளும் வயல்களும் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவருகின்றன. நிலப் பயன்பாட்டை மாற்றுவது அலுவலகங்களின் வேலை என்று மருத்துவ உலகம் ஒதுங்கியிருந்தது தவறு என்றே கருதுகிறேன் (எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்). கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு விடை தராத மனைப்பிரிவுக்கு அனுமதி கூடாது. மனை வாங்க எண்ணும் குடும்பத்தினரும், சாலையின் அகலத்தை விசாரிக்குமுன் இதை விசாரிக்கட்டும்.