கத்தரி, கோந்து, கொஞ்சம் பாக்டீரியா

என் மாமா சுத்த சைவம். கேக்கைக்கூட முட்டை இருக்கிறதா என்று மோந்து பார்த்துத்தான் தொடுவார். எண்பதுகளில் அவர் தினம் போட்டுக்கொண்ட இன்சுலின், மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த சமாசாரம். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இந்தச் சங்கடம் தீரக் காரணம், 1972 நவம்பரில் ஹோனலூலுவில் இரண்டு விஞ்ஞானிகள் ராத்திரி சாண்ட்விச் சாப்பிட்டபடி பேசியது.

ஒருவர் ஸ்டான்லி கோஹன். பாக்டீரியாவுக்குள் இருக்கும் 'பிளாஸ்மிட்' என்கிற குட்டி டி.என்.ஏ. வளையங்களில் கில்லாடி. மற்றவர் ஹெர்பர்ட் பாயர். அவரிடம் கத்தரி இருந்தது. அதாவது, ஈகோ-ஆர்-1 என்கிற என்ஸைம். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்தில் எழுதின நீ...ள வாக்கியம். அதில் 'ஜிஏஏடிடிசி' எங்கே வந்தாலும் இந்தக் கத்தரி டக்கென்று வெட்டும். நேராக அல்ல, படிக்கட்டு போல. அதனால் வெட்டின முனைகள் ஜோடி தேடி அலையும்.

அப்புறம் சமையல் குறிப்புதான். வளையத்தை வெட்டு. அதே கத்தரியால் வெட்டின வேறு டி.என்.ஏ. துண்டை நடுவில் வை. 'லைகேஸ்' என்கிற கோந்தால் ஒட்டு. ஈ-கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பு. எது வாங்கிக்கொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வளையத்திலேயே டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ஜீன் ஒன்று உண்டு. அந்த மருந்தைக் காட்டினால், வளையம் வாங்காததெல்லாம் காலி. மிச்சமானது, சௌகரியமான இடமாக இருந்தால், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கூடவே நாம் செருகின துண்டும்!

1973-ல் இது பலித்தது. 1978-ல் மனித இன்சுலினுக்கான ஜீனை லேபில் தயாரித்து உள்ளே நுழைத்தார்கள். பாக்டீரியா சமர்த்தாக இன்சுலின் செய்தது. 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி.

புது இன்சுலின் மாமா வீட்டு ஃபிரிஜ்ஜுக்கு வந்த அன்று, பழைய கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா சிரித்தார்.

"முதல் நாளே டாக்டர் சொல்லிட்டார்டா. பொண்ணு கல்யாணம் வரைக்குமாவது இருக்கணுமேன்னு போட்டுண்டேன். மாமிகிட்ட மூச்சு விடலை."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

"சரி, இது எதுலேர்ந்து?" என்றார்.

"பாக்டீரியா, மாமா. நம்ம குடல்ல இருக்கிற ஜாதிதான்."

"அட, வீட்டு மனுஷாதான்!" என்று ஊசியை எடுத்தார்.