தள்ளிப்போடுவது யார்?

கருமுட்டையை உறையவைத்தல் என்பது, பெண்ணின் சினைப்பையிலிருந்து முதிர்ந்த முட்டைகளை எடுத்துக் கருவுறாத நிலையிலேயே திரவ நைட்ரஜனில் சேமித்துவைக்கும் மருத்துவ முறை. காரைக்குடி வட்டாரத்தில் இதைக் கேள்விப்பட்டவர்களிடையே பரவலாக நிலவும் கருத்து ஒன்றுதான்: வேலையும் சம்பளமும் பெரிதென்று நினைக்கும் பெண், பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. கல்யாண வீட்டுப் பந்தியில் இது ஏச்சாக வருகிறது. நகரத்துக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரத்தில் இதுவே பாராட்டாக வருகிறது. ‘தள்ளிப்போடுகிறாளே’ என்கிறது ஒன்று. ‘தாராளமாகத் தள்ளிப்போடுங்கள், நாங்கள் இருக்கிறோம்’ என்கிறது மற்றொன்று. மேலுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றே. காலம் பெண்ணின் கையில் இருக்கிறதாம், அவள்தான் அதை நகர்த்திவைக்கிறாளாம். அந்த நம்பிக்கை பொய்.

உறையவைக்கும் நுட்பம் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. மாடு வைத்திருக்கும் எவருக்கும் சினை ஊசி தெரியும். கால்நடை மருந்தகத்தில், மைனஸ் 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜன் கலனுக்குள் கிடக்கும் உறைவிந்துக் குச்சியை எடுத்துத்தான் அது போடப்படுகிறது. விந்தணுவை உறையவைத்து உயிரோடு மீட்கும் வழியை இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜ் குழுவினர் 1949லேயே கண்டுவிட்டார்கள். பெண்ணின் முட்டைதான் பிடிகொடுக்கவில்லை. மனித உடலில் மிகப் பெரிய செல் அது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே நிறையத் தண்ணீர். மெதுவாகக் குளிரவைத்தால் அந்தத் தண்ணீர் பனி ஊசிகளாக மாறி உள்ளிருந்தே செல்லைக் குத்திக் கிழித்துவிடும். உறைந்த முட்டையிலிருந்து உண்டான முதல் கர்ப்பத்தை ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் சென் 1986ல் அறிவித்தார் என்றாலும், அதன் பிறகு நெடுங்காலம் அது அபூர்வமாகவே இருந்தது. பனி உருவாக நேரமே கொடுக்காமல் நொடியில் கண்ணாடிபோல் இறுகவைக்கும் விட்ரிஃபிகேஷன் முறை வந்த பிறகே நிலைமை மாறியது. ‘சோதனை நிலையில் உள்ளது’ என்ற முத்திரையை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் நீக்கியது 2012ல்.

இந்தியாவில் இதைப் பேசுபொருளாக்கியவர் 1997ன் உலக அழகி டயானா ஹெய்டன். 2007–08ல் 16 முட்டைகளை உறையவைத்தார். 2013ல் திருமணம் செய்துகொண்டார். 2016 ஜனவரியில், 42ஆம் வயதில், அப்படிச் சேமித்த முட்டையிலிருந்து பெண் குழந்தை பெற்றார். ஊர் வாயில் தங்கிய எண் 42. தங்கியிருக்க வேண்டியது 34, அதாவது முட்டை எடுத்தபோது அவருக்கிருந்த வயது. அவர் சொன்ன காரணங்களும் இரண்டு: வேலை ஒன்று, மனதுக்குப் பிடித்தவர் அமையும்வரை காத்திருப்பது என்ற முடிவு மற்றொன்று. அதிலும் முதலாவதுதான் பேச்சில் நின்றது.

நிற்காமல் போன இரண்டாவது காரணம்தான் பெரும்பாலானவர்களின் காரணம். யேல் பல்கலைக்கழக மானுடவியலாளர் மார்சியா இன்ஹார்னும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் முட்டையை உறையவைத்த 150 பெண்களிடம் பேசி 2018ல் ஆய்வு வெளியிட்டார்கள். உறையவைத்த நேரத்தில் அவர்களில் 85 சதவீதம் பேருக்குத் துணை இல்லை. விவாகரத்தானவர்கள், உறவு முறிந்தவர்கள், தகுந்த ஆள் கிடைக்காதவர்கள். வேலைக்காகத் திட்டமிட்டுத் தள்ளிவைத்தவர்கள் மிகச் சொற்பம். அமெரிக்காவிலேயே கதை இப்படி என்றால், தன் கல்யாணத் தேதியைத் தானே குறிக்க முடியாத ஊரில் கேட்கவே வேண்டாம்.

இந்த வட்டாரத்து நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் வரன் தேடுவது ஒரு கழித்தல் கணக்கு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று கோவில்கள் ஒன்பது. ஒரே கோவில்காரர்கள் பங்காளிகள். பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி என்பதால் அங்கேயும் கதவு அடைப்பு. பெரிய கோவில்களில் உட்பிரிவைப் பொறுத்துச் சில விலக்குகள் உண்டு. சமூகமே சிறியது. அதில் பங்காளிகளைக் கழித்து, பொருந்தாத ஜாதகங்களைக் கழித்து, செவ்வாய் தோஷம் என்று சிலரைக் கழித்து, படிப்பிலும் சம்பளத்திலும் மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு படி மேலே இருந்தாக வேண்டும் என்று மீதியில் பாதியையும் கழித்தால், விரல் விட்டு எண்ணலாம். கல்யாணக் கொடுக்கல் வாங்கலுக்கான முறைச்சிட்டைப் பேச்சு இழுபட்டால் அந்த விரல்களும் மடங்கும். மற்றச் சமூகங்களிலும் இதே கணக்குத்தான். கோவிலுக்குப் பதில் கிளை, முறைச்சிட்டைக்குப் பதில் சீர்வரிசை. 22ல் கல்லூரி முடித்த பெண்ணின் ஜாதகம் 24ல் வெளியே வந்து 31 வரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. இடைப்பட்ட ஏழு ஆண்டில் அவள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தாள் என்பது உண்மை. வரன் தகையும்வரை வீட்டு வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் அதே ஏழு ஆண்டு கரைந்திருக்கும்.

பிள்ளைப்பேறு தள்ளிப்போவதும் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள், கடைச் சிப்பந்தியான பெட்டியடிப் பையனோ கடையை நடத்தும் மேலாளோ, மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவது வழக்கம். மனைவி இங்கே வீட்டோடு இருப்பாள். அந்த மூன்றாண்டுகளில் அவள் சினைப்பைக்கும் மூன்று வயது கூடியது. திரும்பி வந்தவர் சில மாதம் தங்கி மறுபடி கப்பல் ஏறினால் இன்னொரு மூன்று. ‘ஆச்சி பிள்ளையைத் தள்ளிப்போடுகிறாள்’ என்று அப்போது எவரும் சொன்னதில்லை. ‘செட்டியார் கொண்டுவிக்கப் போயிருக்கிறார்’ என்றார்கள். காரணம் அன்றைக்கும் தொழில்தான். ஆனால் அது ஆணின் தொழில். பிள்ளை இல்லாமலே போன வீடுகளில் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். அதற்குச் சடங்கு இருந்தது, விருந்து இருந்தது, ஏச்சு இல்லை.

இனி விளம்பரக்காரர் பக்கம். ‘தாய்மைக்குக் காப்பீடு’ என்ற சொல், வட்டித்தொழிலில் ஊறிய ஊரில் எடுபடுவதில் வியப்பில்லை. ஆனால் அதே தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பொய்யும் முதலில் தெரிய வேண்டும். காப்பீட்டில் நஷ்டம் வந்தால் பணம் வரும். ஏலச்சீட்டில் தள்ளுப் போனாலும் மீதி கைக்கு வரும். உறைந்த முட்டையில் ஒன்றுமே வராமலும் போகலாம். உருக்கும்போது சில முட்டைகள் சாகும், சில கருவுறாது, கருவானதில் சில வளராது, வளர்ந்ததில் சில ஒட்டாது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 34 வயதில் 10 முட்டை போதும், 37ல் 20 வேண்டும், 42ல் 61. ஒரு சுற்றுச் சிகிச்சையில் 42 வயதுப் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கமாகவே இருக்கும். ஒரு சுற்றின் செலவோ லட்சத்தைத் தாண்டும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனை தன் 15 ஆண்டு அனுபவத்தை 2022ல் வெளியிட்டது: முட்டையை உருக்கிப் பயன்படுத்திய 543 பெண்களில் குழந்தை பெற்றவர்கள் 39 சதவீதம். உறையவைத்தபோது அவர்களின் சராசரி வயது 38. அந்த வயதுக்கு முன்பே உறையவைத்தவர்களில் 51 சதவீதம். அவர்களிலும் 20 முட்டையோ அதற்கு மேலோ உருக்கியவர்களில் 70. முட்டை எடுத்த நாளில்தான் வயது நிற்கிறது. அதற்கு முன் ஓடியதைக் கலன் திருப்பித் தராது.

இந்தியப் பெண்களுக்கு இந்த ஓட்டம் இன்னும் வேகம். இங்கே மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. ஆகவே இந்த விவரம் எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 33ல் கல்யாணமாகி, இரண்டு வருடம் கோவில் குளமென்று பார்த்து, பிறகு மருத்துவரிடம் போய் உட்கார்ந்த அன்றுதான் ‘முட்டைக்கும் வயதுண்டு’ என்ற செய்தியைப் பலர் முதல்முறையாகக் கேட்கிறார்கள். அதற்குள் உறையவைக்கும் கட்டம் கடந்து நேராகச் சோதனைக்குழாய்க்குப் போக வேண்டியிருக்கிறது. ஏச்சும் விளம்பரமும் கூட்டாகச் செய்த வேலை இது: ஒன்று பேச்சையே எடுக்கவிடாமல் தடுத்தது, மற்றது அவசரமில்லை என்றது. நடுவில், முட்டை இருப்பை மதிப்பிடும் ஏ.எம்.ஹெச். இரத்தப் பரிசோதனை வேறு. எண் குறைந்தால் பயமுறுத்தவும் கூடினால் தாலாட்டவும் அது உதவுகிறது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்கள் இயற்கையாகக் கருத்தரிப்பார்களா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியவில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2017ல் வந்த ஆய்வு காட்டியது. ஊசி போட்டால் எத்தனை முட்டை தேறும் என்று மதிப்பிடத்தான் அது முக்கியமாகப் பயன்படும்.

உள்ளூர்ப் பயங்களில் முதலாவது, முட்டையை எடுத்துவிட்டால் இருப்பு தீர்ந்து மாதவிடாய் சீக்கிரம் நின்றுவிடும் என்பது. ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது பெண்ணிடம் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். யாரும் எடுக்காமலே தீர்ந்தவை இத்தனை. ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் புறப்பட்டு, ஒன்று முதிர, மற்றவை மடிகின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் போடும் ஊசி, மடியவிருந்த அந்த மற்றவற்றைத்தான் வளர்த்தெடுக்கிறது. மெய்யான அபாயம் வேறு: சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோக்கும், அதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பயம் வெளியில் பேசப்படுவதில்லை. ஸ்கேனும் முட்டை எடுக்கும் ஊசியும் பிறப்புறுப்பு வழியாகவே செல்கின்றன என்பதால், கல்யாணமாகாத மகளை அழைத்துவரத் தாய் தயங்குகிறாள். ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்தும் ஓரளவு பார்க்கலாம். முட்டை எடுப்பது மயக்க மருந்தில் நடக்கும், வெட்டோ தையலோ இல்லை. இதைக் கேட்காமலே சொல்வது மருத்துவரின் வேலை. முட்டைகளை அழிக்கக்கூடிய புற்றுநோய் மருந்து ஏற்றப்போகும் 25 வயதுப் பெண்ணுக்கு இந்தத் தயக்கம் ஒரு வாரம் நீடித்தாலே வாய்ப்பு போய்விடக்கூடும்.

மூன்றாவது பயம் ஈரோட்டிலிருந்து வந்தது. 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதைத் திருத்தி, தாயும் தாயுடன் வாழ்ந்தவரும் அவளது கருமுட்டையைப் பலமுறை விற்ற வழக்கு 2022 ஜூனில் வெளியானது. கருமுட்டை என்ற சொல்லே தமிழ்நாட்டில் பலர் காதில் முதலில் விழுந்தது அந்தச் செய்தியோடுதான். விற்பனைக்கும் சேமிப்புக்கும் வேறுபாடு அப்போது கரைந்துபோனது. சட்டத்தில் அந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடப்பிலுள்ள இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி தானம் கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. தனக்காகச் சேமிக்கும் பெண்ணின் கதை வேறு.

கல்யாணமாகாதவளுக்கு இதில் இடமே இல்லை என்ற எண்ணமும் அந்தச் சட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. நகரத்தார் கோவில் கணக்கில் கணவன் மனைவி சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. 2021ன் இந்தச் சட்டமோ தம்பதியைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் சொல்கிறது: 21 வயதைக் கடந்த, 50ஐ எட்டாத எந்தப் பெண்ணும் சிகிச்சைக்கு வரலாம். ஆனால் அதே ஆண்டு வந்த வாடகைத்தாய்ச் சட்டத்தில் தனியாக இருக்கும் பெண் என்றால் 35 முதல் 45 வயதுவரையுள்ள விதவையோ விவாகரத்தானவரோ மட்டும்தான். கல்யாணமே ஆகாதவளின் கருப்பை பின்னால் தாங்காது என்று தெரியவந்தால், இன்னொருத்தி சுமந்து தர வழியில்லை. அவள் பெயர் எழுதிய முட்டைகள் கலனிலேயே கிடக்கும்.