தண்டு வலிக்கும் கை தாழ்ந்த கையா?

கொழும்பு மாநகரின் நடுவே கிடக்கும் பேரை வாவியின் கரையில் கொழும்புப் படகோட்டக் கழகம் தோன்றிய ஆண்டு 1864. மூன்றாண்டுகளின் பின் சென்னையிலும் அத்தகைய கழகம் ஒன்று எழுந்தது. 1898 முதல் இவ்விரு கழகங்களும் தம்முள் போட்டியிட்டு வந்துள்ளன. ஆசியாவிலேயே இதனிலும் பழைமையான படகுப் பந்தயங்கள் அரியன. ஆயினும், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இப்பழைமையால் இத்தீவு கண்ட பயன் யாது? ஒலிம்பிக்கில் இலங்கை பெற்ற பதக்கங்கள் இரண்டே. 1948இல் டங்கன் வைற்றும், 2000இல் சுசந்திகா ஜயசிங்கவும் பெற்றவை. இரண்டும் ஓட்டப் பதக்கங்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு படகிலே ஒன்றும் வென்றிலது!

கைகள் இல்லையா? முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும், மன்னாரிலும் முகத்துவாரத்திலும் விடியுமுன் கடலில் வள்ளம் தள்ளும் கைகள் எத்தனை ஆயிரம்! குறை கையில் இல்லை. அக்கைகளைக் கண்டுகொள்ளாத கண்களிலேதான் உள்ளது.

இந்தக் குருட்டுத்தனம் நாம் கண்டுபிடித்ததன்று; கப்பலேறி வந்தது. இங்கிலாந்தின் ஹென்லிப் படகுப் பந்தயக் குழுவினர் 1879இல் ஒரு விதி செய்தனர். கூலிக்குக் கைவேலை செய்பவன், அவன் தச்சனாயினும் கொத்தனாயினும் தொழிலாளியாயினும், போட்டியிடத் தகுதியற்றவன் என்பதே அவ்விதி. உழைத்து உரமேறிய கைக்குத் துடுப்பு மறுக்கப்பட்டது. 1920இல் அமெரிக்கக் கொத்தனார் ஜாக் கெல்லியின் விண்ணப்பத்தை அக்குழு தள்ளியது. அவர் கைத்தொழிலாளி என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டில் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் தலைசிறந்த வீரரை வென்று தங்கம் பெற்றார் கெல்லி. விதி 1937இல் நீக்கப்பட்டது. ஹென்லியிலே மடிந்த அவ்விதி நம் மனங்களில் இன்னும் மடியவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

அண்டை நாட்டைப் பாருங்கள். ஆசிய விளையாட்டு விழாவில் படகோட்டம் முதன்முதலில் இடம்பெற்றது 1982இல், டில்லி விழாவிலே. போட்டிகள் ஜெய்ப்பூரை அடுத்த ராம்கர் ஏரியில் நடந்தன. பின்னர் வரத்து நீர் தடைப்பட்டு அவ்வேரியே வறண்டுவிட்டது. வாய்க்காலை அடைத்தால் குளம் சாகும் என்பதைக் கமக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏரி வறண்ட நாட்டிலும் வீரர் வறளவில்லை. மராட்டியத்தின் நாசிக் மாவட்டத்தில் வறட்சி வாட்டிய சிற்றூரிலே பிறந்து, தந்தையோடு கிணறு வெட்டிப் பிழைத்தவர் தத்து போகனள். 2012இல் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே அவர் போட்டிப் படகில் ஏறினார். 2016இல் றியோ ஒலிம்பிக்கில் 13ஆம் இடம். 2018 ஆசிய விழாவில் நால்வர் படகில் தங்கம். குடிநீருக்கு ஏங்கிய ஊரின் மகன் நீரின்மேல் வென்றான். கடலிலே பிறந்த நம் பிள்ளைகள் கரையில் நின்று கைதட்ட வேண்டுமா?

“ஈராயிரம் மீற்றர் நீளமான அமைதியான நீர்நிலை வேண்டும், விலையுயர்ந்த மெல்லிய படகுகள் வேண்டும், எங்கே போவது?” என்று பொறுப்பிலுள்ளோர் கைவிரித்துவந்தனர். அந்தச் சாக்கும் இன்று செல்லாது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைப் படகோட்டமும் சேர்க்கப்பட்டுள்ளது. வீரர் மணலில் ஓடிப் படகேறி, மிதவைகளை வளைந்து வளைந்து கடந்து 250 மீற்றர் சென்று திரும்பி, நேரே கரைசேர்ந்து, மீண்டும் மணலில் ஓடி முடிக்க வேண்டும். இதற்கு வேண்டுவன அலையும் மணலும். இவை நம்மிடம் இல்லையா? தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். மார்கழி கழிந்தபின் மேற்கு அமைதியுறும். ஆண்டு முழுவதும் பயில இயற்கையே பள்ளி வகுத்திருக்கிறது. தனியொருவர் படகின் நீளம் ஆறு மீற்றருக்கு மிகாது. காரைநகரில் சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகு கட்டிய நாட்டில், அதனைக் கட்டும் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை.

மீன்பிடி வள்ளம் வலிப்பவன் நாளையே ஒலிம்பிக் வீரனாவான் என்று நாம் பிதற்றவில்லை. போட்டிப் படகிலே செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, நகரும் இருக்கையில் காலால் உந்தி, இரு துடுப்புகளையும் ஒருங்கே வலிக்க வேண்டும். அது பயிற்சியால் வருவது. ஆனால் அலையின் குணமறிந்த மனமும் அஞ்சாத நெஞ்சும் பயிற்சியால் எளிதில் வருவனவல்ல. அரியதை உடையவனுக்கு எளியதைக் கற்பிக்க மறுப்பது எந்த நீதி?

ஆட்சியாளரை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. வெள்ளவத்தையிலே புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல் இரைகிறது. பாதைக்கு இப்பால் நம் பிள்ளைகள் டியூட்டரிக்கு டியூட்டரி அலைகிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகம். அங்குள்ள இளைஞனுக்கோ கடல் என்பது சுவருக்கு அப்பாலுள்ள பொருள். வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் தம் மகன் துடுப்புப் பிடிப்பதை இழுக்கென எண்ணுகின்றனர். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. வயலும் தோட்டமும் உடையோர் கடற்றொழிலாளியைத் தம் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலத்தின் கறை இன்னும் முற்றாகக் கழுவப்படவில்லை. மீனை விரும்புகிறோம், மீன் பிடித்தவனை ஒதுக்குகிறோம். கலப்பை பிடித்த கை உயர்ந்தது, தண்டு வலித்த கை தாழ்ந்தது என்று எண்ணும் சமூகம், தன்னை மற்றவர் தாழ்த்துவதை எந்த வாயால் கண்டிக்கும்?

“பதக்கம் வந்தால் அரிசி விலை குறையுமா?” என்பர் சிலர். குறையாது. ஆனால் மீனவன் மகன் தன் தொழிலின் அறிவால் உலக அரங்கில் நிமிர்ந்து நின்றால், ஊரில் அவன் முன் எவரும் நிமிர்ந்து பேசத் தயங்குவர். அந்த மானத்திற்கு விலை உண்டா?

ஆதலால் நாம் கேட்பது இது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளிலும் கட்டணமற்ற படகோட்டப் பள்ளிகள் திறக்கப்பட வேண்டும். பிள்ளையின் தாய்மொழியிலே பயிற்சி நடைபெற வேண்டும். உயிர்காப்பு அங்கியும் நீச்சற் பயிற்சியும் முதற்பாடமாக வேண்டும். தெரிவு மக்கள் காணத் திறந்த கடற்கரையில் நடைபெற வேண்டும். கடிகாரம் ஒன்றே நடுவராக இருக்கட்டும். கற்றோரும் செல்வரும் பழைய மாணவர் சங்கங்களும் மண்டபத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைப் படகுக்கு ஈயட்டும்.

வாவியின் கரையில் 1864இல் ஏற்பட்ட கழகத்தில் நம் மீனவனின் பாட்டனுக்கு இடமிருக்கவில்லை. கடலின் கரையில் இனி எழும் பள்ளியில் அவன் பேரனுக்கு முதலிடம் வேண்டும். கடல் எவரையும் குலம் கேட்டு ஏற்பதில்லை. கரையில் நிற்கும் நாம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது வெட்கக்கேடு!