கோந்தே பிரபுவின் குலப்பெருமை

குலமும் கோத்திரமும் பெண்ணுக்குக் காப்பு என்போருக்கு ஒரு சரித்திரம் சொல்லுகின்றோம். பிரஞ்சு அரச வமிசத்துக் கோந்தே பிரபு, 1643-இல் தமது 21-வது வயதில் ரோக்ருவா யுத்தத்தை ஜெயித்த வீரர். அதற்கு முன்பே, 1641-இல், மந்திரியாயிருந்த ரிஷலியு என்னும் மதகுருவின் தயவை நாடி, அவர் சகோதரி மகள் கிளேர் கிளெமான்சை இவருக்குக் கட்டி வைத்தார்கள். பெண்ணுக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை! மாப்பிள்ளைக்கும் இஷ்டமில்லை.

1650-இல் பிரபு சிறைப்பட்டபோது, பொர்தோ நகரத்தாரைத் திரட்டி அவருக்காகப் போராடியவர் அவ்வம்மையே. கைம்மாறு என்ன? 1671-இல் ஷாத்தோரூ கோட்டையில் அடைபட்டார். 1686-இல் கணவர் மாண்டும் கதவு திறக்கவில்லை. 1694-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

அரச குலமா, மதகுருவின் உறவா, பதிபக்தியா, எது அவரைக் காத்தது? சம்மதம் கேளாத விவாகமும், விலக உரிமையில்லாத விவாகமும் மாளிகையில் நடந்தாலும் அடிமைத்தனமே என்கின்றோம்.